ஏரிக்கு மேலே ஒரு போர் விமானம்

ஓடுதளத்தில் இறங்கிய போர் விமானம், புல்லில் மேய்ந்த ஆட்காட்டிக் குருவியிடம் குறைப்பட்டுக்கொண்டது.

"தினமும் ஏரிக்கு மேலே பறக்கிறேன். ஒரு நாரைகூட நிமிர்ந்து பார்ப்பதில்லை."

"நீ உன் சத்தத்தையே முந்திப் போகிறாய். வருவது யாருக்குத் தெரியும்? நீ போன பிறகு, பின்தங்கிய சத்தமெல்லாம் ஒன்றாகத் திரண்டு இடியாக விழும். அதற்குப் பயந்து ஏரியிலிருந்து ஓடி வந்தவள்தான் நான். இங்கேயாவது நீ வருவது முன்னாலேயே கேட்கிறது."

"அப்படியென்றால் நாளைக்கு மெதுவாகப் போகிறேன்."

ஆட்காட்டி மறுபடியும் புல்லில் மேயத் தொடங்கியது.

மறுநாள் விமானம் வேகத்தைக் குறைத்து, ஆசையாக ஏரியை நோக்கிப் போனது. இந்த முறை சத்தம் முந்திக்கொண்டது. விமானம் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு பறவையும் இல்லை. அதன் நிழல் மட்டும் தண்ணீரைக் கடந்து போனது.