தினம் ஒரு கிரீம் பன்

"எட்டு வயசுக்கு இந்த எடை ரொம்ப அதிகம். சாயங்காலம் என்ன சாப்பிடறா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஆபீஸ் விட்டு வரும்போது கிரீம் பன் வாங்கிட்டு வருவேன் டாக்டர். அவ்வளவு பிடிக்கும். ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கமாட்டா," என்றார் அப்பா.

டாக்டர் சிறுமியின் பக்கம் திரும்பினார். "அவ்வளவு பிடிக்குமா குட்டி?"

"பிடிக்கவே பிடிக்காது. கிரீம் தொண்டையில ஒட்டும்."

அப்பா திகைத்தார். "அப்புறம் ஏன்டி முழுசா சாப்பிடறே?"

அவள் டாக்டரிடம் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா செத்துப்போனதுலேர்ந்து, நான் சாப்பிடறப்போ மட்டும்தான் அப்பா சிரிக்கிறாரு."

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிறுத்தினார். "வேற எதுக்குமே சிரிக்கமாட்டாரா?"

அவள் யோசித்தாள். "ஒரு நாள் என்கூட ஸ்கிப்பிங் ஆடினாரு. கயிறு கால்ல சுத்தி தொப்புனு விழுந்தாரு. அப்போ சிரிச்சாரு."

"அப்போ பன்னுக்குப் பதிலா ஒரு பழம். தினமும் அரை மணி நேரம் ரெண்டு பேரும் ஸ்கிப்பிங்."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கயிறு எங்கடி இருக்கு?"

"என் கட்டிலுக்கு அடியில. ஆனா விழுந்தா அழக்கூடாது, சரியா?"