இருபது சுற்று

லொரேட்டாவின் ஃபோனில் மூன்று வெடிப் படங்கள் ஒரே வரிசையில் வந்து நின்றன.

“போனஸ்டா!” என்று என் தொடையில் ஓங்கி அடித்தாள்.

பக்கத்து பெஞ்சில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் அப்படிக் கத்துவதில்லை.

எதிரே டாக்டர் பெட்ஸினாவின் கதவு சாத்தியிருந்தது. அது திறந்ததும் லொரேட்டா ஒரு பதில் சொல்லியாக வேண்டும். ஆபரேஷன் என்றால் ஒரே நாளில் தெரிந்துவிடும்: முழுதாகக் குணமாகலாம், மயக்கத்திலிருந்து எழாமலே போகலாம். மருந்து என்றால் குணமாகாது. ஆனால் நாட்கள் கிடைக்கும், கொஞ்சம் கொஞ்சமாக. எதுவென்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று போன வாரம் டாக்டர் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்கும் கேட்கத் துணிவில்லை.

படங்கள் உருண்டு ஒரே வரிசையில் நின்றால் காசு தரும் இந்த ஸ்லாட் விளையாட்டு நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தது. கல்யாணத்துக்கு முன்னால், ஸ்லீமாவில் கடல் பார்த்த ஆபீஸில், எதிரெதிர் மேஜைகளில். படங்கள் அவள் வரைந்தாள். கணக்கு நான் போட்டேன். காசு வைத்து ஆடுகிறவர்கள் எப்போதோ வேறு விளையாட்டுகளுக்குப் போய்விட்டார்கள். சும்மா ஆடிப் பார்க்கிற இலவச வடிவம் மட்டும் இணையத்தில் எங்கோ ஒரு மூலையில் மிச்சம் இருக்கிறது.

ஐந்து உருளைகள். அவற்றில் எங்கள் லியா ஊரின் ஆகஸ்ட் திருவிழா: கோவில் மணி, கொடி, குப்பாய்ட் மிட்டாய்த் தட்டு. நடுவே ஜோக்கர். சீட்டுக்கட்டில் போலவே அது எந்தப் படத்துக்குப் பதிலாகவும் நிற்கும். நிற்பதோடு விடாது, வென்றதைப் பெருக்கியும் தரும்.

போனஸ் வந்தால் மூன்றில் ஒன்றை நாமே எடுக்கலாம். பேண்டு ஊர்வலம் என்றால் இருபது சுற்று, ஜோக்கர் வந்தால் இரண்டு மடங்கு. தரைச் சக்கரம் என்றால் பத்து சுற்று, நான்கு மடங்கு. வாணம் என்றால் ஐந்தே சுற்று, பத்து மடங்கு. அதில் ஒரே வரியில் இரண்டு ஜோக்கர் விழுந்தால் பத்தும் பத்தும் பெருகி நூறாகும். பெரும்பாலும் ஒரு ஜோக்கர்கூட விழாது.

மூன்றுக்கும் சராசரி ஒன்றுதான். ஒரு பக்கம் மடங்கை ஏற்றினால் இன்னொரு பக்கம் சுற்றைக் குறைத்து, தராசு முள் நடுவில் நிற்கும்வரை தட்டிக்கொண்டே இருப்பேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அவள் எப்போதும் வாணம்தான். அப்பா, சித்தப்பா எல்லோரும் ஊரின் வாணவெடிக் கழகத்தில் இருந்தவர்கள். திருவிழா மாலையில் மொட்டை மாடியில் நின்று, வெடியின் சத்தம் வந்து சேரும் முன்பே கத்தத் தொடங்குவாள். நான் கீழே, பேண்டுக்குப் பின்னால் கடைசி ஆளாக நடப்பேன். பால்கனிகளிலிருந்து கொட்டும் காகிதத் துண்டுகள் காலருக்குள் புகுந்துவிடும்.

“திருவிழாவுக்குப் போறியா, துக்க வீட்டுக்குப் போறியா?” என்று கல்யாணத்துக்கு அப்புறம் மேலிருந்து கேட்பாள்.

இப்போது ஃபோனை என் பக்கம் திருப்பினாள்.

“கணக்கு வாத்தியாரே, எதை அமுக்கட்டும்?”

“எல்லாம் ஒண்ணுதான்.”

“அது கோடித் தடவை சுத்துறவனுக்கு. நான் ஒரே ஒரு தடவைதானே சுத்தப் போறேன்?”

அவள் சொன்னது சரி. சராசரி என்பது கூட்டத்துக்குச் சொந்தமானது. தனி ஆளுக்கு அதில் பங்கில்லை.

எனக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றும் தெரியும்.

“உன் வாணத்தையே அமுக்கு, வெடிக்காரி,” என்றேன்.

அவள் அமுக்கவில்லை. பேண்டுப் படத்தின் மேல் இரண்டு விரல்களை வைத்து விரித்தாள். படம் பெரிதாகிக்கொண்டே வந்தது. முன்னால் கொடிக்காரர், பிறகு குழல் ஊதுகிறவர்கள், பெரிய மேளம். எல்லோருக்கும் பின்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒருவன். தலை குனிந்திருந்தது. தோளெல்லாம் காகிதத் துண்டுகள். சட்டையின் ஒரு பக்கம் மட்டும் கால்சட்டைக்கு வெளியே தொங்கியது.

அந்தப் படத்துக்குக் கீழே இருக்கும் இருபது என்ற எண்ணைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை.

“இது யாரு?”

“சட்டையை ஒழுங்கா உள்ள விடத் தெரியாத ஒருத்தன்.”

“இதை வரைஞ்சப்ப நாம சரியாப் பேசிக்கிட்டதுகூட இல்லையே.”

“பேசிக்கிட்டிருந்தா எதுக்கு வரையணும்?”

கதவு திறந்தது. டாக்டர் பெட்ஸினா வாசலிலேயே நின்றார்.

“என்ன லொரேட்டா, முடிவு பண்ணிட்டீங்களா?”

“பேண்டு, டாக்டர்.”

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார்.

“மருந்து,” என்றேன்.

அவள் ஃபோனை என் கையில் திணித்துவிட்டு எழுந்தாள். எதையும் அமுக்காததால் தேர்வுக்கான மூன்று படங்களும் பழையபடி நின்றன. அந்தத் திரைக்குக் கெடு கிடையாது. எதையாவது அமுக்கும்வரை, பேண்டு இசையைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு காத்திருக்கும். ஆடுகிறவரை அவசரப்படுத்தக் கூடாது என்று அன்றைக்கு முதலாளியிடம் அடம்பிடித்தவள் அவள்தான்.

நான் அதை அணைக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவள் முன்னால் நடந்தாள். வெளியே தொங்கிய என் சட்டையை உள்ளே விடாமலே, பைக்குள் ஒலிக்கும் பேண்டு இசையோடு அவளுக்குப் பின்னால் நான் நடந்தேன்.