ஏழாம் எண்ணுக்கு மட்டும் ஈ

"அந்த வலையைக் கழட்டுங்க" என்றார் சவாரிப் பள்ளித் தலைவர்.

நானும் லாயக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பெரும்பாடு பட்டோம்.

வரிசையில் பதினோரு குதிரைகள். பத்துக்கு முகம் வெறுமையாக இருந்தது. ஏழாம் எண் மட்டும் கண்ணுக்கு ஈ வலை கட்டிக்கொண்டு, யாரையோ தேடுவதுபோல் காதைத் திருப்பியபடி நின்றாள்.

கோடையில் எல்லாக் குதிரைகளுக்கும் அந்த வலை உண்டு. கண்ணோரத்து ஈரத்துக்கு மொய்க்கும் ஈக்களைத் தடுக்க. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணைக் கட்டிவிட்டதுபோல் இருக்கும். உள்ளிருந்து பார்த்தால் உலகம் கொஞ்சம் கட்டம் போட்டுத் தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் இது கோடை இல்லை. மூச்சு விட்டால் புகை வரும் பனிக்காலம். தன்மானமுள்ள எந்த ஈயும் வெளியே தலை காட்டாது.

வலைக்குள்ளே ஏழாம் எண்ணின் இரண்டு கண்களும் வெளுத்து எட்டு மாதம் ஆகிறது. ஈ மொய்த்துப் புண்ணான கண்கள். புண் ஆறியது, பார்வை திரும்பவில்லை. இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். தீனி வைக்கும் லாயக்காரர். மருந்து போட்டுத் தோற்ற நான். குதிரைக்கு வைத்தியம் பார்த்தாலும் எல்லார் வாயிலும் நான் மாட்டு டாக்டர்தான்.

புதிதாகச் சவாரி பழகுகிறவர்கள் ஏறி இறங்க அசையாமல் நிற்பதுதான் அவளுடைய வேலை. அதற்குக் கண் எதற்கு என்று நாங்கள் இருவரும் எங்களுக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டோம்.

பள்ளியின் விதி வேறு மாதிரி சொல்கிறது. பார்வை போன குதிரைக்கு லாரி வரும். எங்கே போகிறது என்று லாரியை யாரும் கேட்பதில்லை.

விதியைக் கொண்டுவந்தவரே தலைவர்தான். போன வருடம் பதவியேற்ற அன்று முக்கால் மணி நேரம் மைக்கை விடவில்லை. குதிரைகளைச் செல்லப் பெயர் சொல்லி அழைப்பது நிறுவனத்தின் கௌரவத்துக்கு உகந்ததல்ல என்று எண் கொடுத்ததும் அந்தப் பேச்சில்தான். அதன் பிறகு லாயத்துக்குள் அவர் கால் வைத்தது இன்றைக்குத்தான். புகைப்படக்காரரோடு.

"ஈங்க, தலைவரே" என்றார் லாயக்காரர்.

"இந்தக் குளிர்லயா?"

"குளிர்கால ஈ" என்றேன். "ரொம்ப அபூர்வம்."

எந்த மருத்துவ நூலிலும் இல்லாத ஓர் ஈயை அந்த நொடியில் பெற்றெடுத்தேன். ஐந்து வருடம் படித்துப் பட்டம் வாங்கியது வீண்போகவில்லை.

தலைவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "மத்ததுங்க மேல ஒண்ணையும் காணோமே, டாக்டர்?"

பதற்றத்தில் லாயக்காரருக்கு வாய் நழுவிவிட்டது. "பெரியம்மாவுக்கு மட்டும் எங்கருந்தோ வருதுங்க."

"யாருக்கு?"

லாயக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்னால், கல்லூரியில் சேர்ந்த கையோடு, நானும் தலைவரும் இதே பள்ளியில் ஒன்றாகச் சவாரி பழகினோம். அப்போது அவர் தலைவர் இல்லை, மூட்டை. குதிரைமேல் அப்படித்தான் உட்காருவான். அப்படித்தான் விழுவான்.

இன்றைக்கு ஏழாம் எண்ணாகிவிட்ட பெரியம்மாவுக்கு அப்போது ஐந்து வயது. அந்த வயதிலேயே கல்யாண வீட்டை மேற்பார்வை பார்க்க வந்தவள்போல நடப்பாள். அதனால்தான் அந்தப் பெயர். முதுகு காலியானால் நின்றுவிடுவாள். மூட்டை எழுந்து, மண்ணைத் தட்டி, எங்கள் எல்லாரையும் திட்டி முடித்து, மறுபடி ஏறும்வரை ஓர் அடி எடுத்துவைக்க மாட்டாள்.

மத்தியானங்களில் குதிரைகள் மரத்தடியில் இரண்டிரண்டாக நிற்கும். இதன் தலைப்பக்கம் அதன் வால், அதன் தலைப்பக்கம் இதன் வால். ஒன்றின் முகத்து ஈயை மற்றது ஓட்டும். பெரியம்மாவோடு ஜோடி சேர எந்தக் குதிரையும் வராது.

மூட்டையோடு உட்கார்ந்து சாப்பிட நாங்களும் போனதில்லை.

ஒருநாள் பார்க்கிறோம், பெரியம்மாவின் வால் பக்கமாக அவன் நிற்கிறான். நீளக் கம்பு ஒன்றில் துண்டைக் கட்டி அவள் முகத்துக்கு விசிறுகிறான். அவள் வால் அவன் முகத்தில் சளீர் சளீரென்று விழுகிறது. அவன் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறான்.

"மூட்டைக்கு ஜோடி கெடச்சிருச்சுடோய்!" என்று கத்தியது நான்தான்.

அந்தக் கோடை முழுக்க இருவரும் அப்படியே நின்றார்கள்.

தலைவர் கையுறையைக் கழற்றினார். தாடைப் பட்டையைத் தளர்த்தி, வலையின் ஓரத்தைத் தூக்கி, குனிந்து பார்த்தார். எங்களுக்கு அவருடைய முதுகும் விலையுயர்ந்த கோட்டும்தான் தெரிந்தன.

லாயக்காரர் வாயிலிருந்து புகை வருவது நின்றுபோயிருந்தது.

பெரியம்மா மூக்கைக் கோட்டுக்குள் நுழைத்து மோந்தாள். ஓர் ஈகூட இல்லாத லாயத்தில் அவள் வால் ஒரு தரம் எழுந்து, வீசி, அடங்கியது.

தலைவர் வலையை இறக்கிவிட்டார். பட்டையை மாட்டினார். இறுக்கமாக இருக்கிறதா என்று தாடைக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார், முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி.

"சார், வலையை எடுத்துட்டா குதிரை மூஞ்சி நல்லா விழும்" என்றார் புகைப்படக்காரர்.

தலைவர் திரும்பினார். கண்ணுக்குக் கீழே, தன் கன்னத்தில் தானே பளாரென்று ஓர் அறை விட்டுக்கொண்டார்.

"எங்கய்யா எடுக்கறது? இந்தக் கடி கடிக்குது!"

உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ஈ இல்லை. ஆனாலும் கையைக் கோட்டில் கவனமாகத் துடைத்துக்கொண்டார்.