சனிக்கிழமை வண்டி

மூன்று மணி நேரமாகத் தனிஸ்லாஸ் புதுக் கார்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவைத் திறந்தார், மூடினார், காதை வைத்துக் கேட்டார்.

விற்பனைப் பெண் சங்கவி அவர் பின்னாலேயே ஓடினாள். இந்த மாதம் அவள் ஒரு கார்கூட விற்கவில்லை. இவரும் போய்விட்டால் வேலையும் போய்விடும்.

"இதுவும் வேணாம். வேற காட்டும்மா."

"இது மூணாவது வண்டி சார்! என்ன குறை?"

"சனிக்கிழமை சாயங்காலம் செஞ்சதா இருக்குமோ?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்? ஆயிரத்துல ஒண்ணுதான் பழுதா வரும்."

"அந்த ஒண்ணு என் தலையில விடிஞ்சா?"

அவர் மனைவி ஸ்டெல்லாமேரி பொறுமை இழந்தாள். "நெல்லித்தோப்புக் கோயில்ல ஃபாதர் வண்டிய மந்திரிக்கக் காத்துக்கிட்டு இருக்காருங்க. சீக்கிரம்!"

"சார், ஃபேக்டரியில ஒருத்தர் ஒவ்வொரு வண்டியையும் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் வெளியவே விடுவாங்க," என்று சங்கவி கெஞ்சினாள். "அவரையாவது நம்புங்க சார்."

தனிஸ்லாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்டெல்லாமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அங்கதாம்மா சிக்கலே," என்றாள். "சனிக்கிழமையானா வீட்டுக்கு வர பாண்டி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல, வண்டியப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டுட்டு ஓடிவர்றவரே இவருதான்."