வேப்பமரத்தடி வெற்றி

தலைவரைத் தேர்ந்தெடுக்க அந்த ஆட்டு மந்தையில் ஒரு வழக்கம் இருந்தது. போட்டியிடும் இரண்டு கிடாக்களும் ஆளுக்கொரு பக்கம் நிற்கும். மற்ற ஆடுகள் தங்களுக்குப் பிடித்த கிடாவின் பின்னால் போய் நிற்கும். இந்த முறை, மலையில் மேயலாம் என்ற சுட்டிக் கிடா வேப்பமரத்தடியில் நின்றது, ஏரிக்கரையே போதும் என்ற கருப்புக் கிடா வெட்டவெளியில் நின்றது. எண்ணிப் பார்த்தால் சுட்டிக்கு இருபத்தொன்று, கருப்புக்கு இருபது.

சுட்டிக்குத் தலைகால் புரியவில்லை. நேற்றுவரை ஒவ்வோர் ஆட்டிடமும் குழைந்த குரல் இன்று கணீரென்றது. "மொத்த மந்தையும் தீர்ப்பு சொல்லிடுச்சு! இனிமே ஏரிக்கரையில ஒருத்தரும் மேயக் கூடாது. எல்லாரும் மலைக்கு நடங்க!"

"பாதிப் பேரு ஏரிதானே கேட்டோம்?" என்றது கருப்பு.

"எண்ணிக்கையப் பேசாதே. தீர்ப்பப் பேசு."

பாதி மலையில், ஒரு மரம்கூட இல்லாத பாறைச் சரிவில், கிழட்டு ஆடு ஒன்று திரும்பி இறங்கத் தொடங்கியது. சுட்டி பதறிப்போய் ஓடி வந்தது.

"பெரியம்மா, நீங்க என் பக்கம்தானே நின்னீங்க?"

"நிழல் உன் பக்கம் இருந்துச்சு தம்பி, அதான் நின்னேன். இங்க வெயில் மண்டையப் பொளக்குதே."

கருப்பு தொண்டையைக் கனைத்தது. "அப்போ இன்னொரு தடவ எண்ணிடலாமா?"

சுட்டி சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு கிழட்டு ஆட்டுக்கும் சூரியனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டது.

"இங்கயே படுங்க, பெரியம்மா."

அன்று பொழுது சாயும்வரை, மொத்த மந்தையின் தீர்ப்பையும் பெற்ற தலைவர், வெயில் நகர நகரத் தானும் அடியடியாக நகர்ந்துகொண்டிருந்தார், பெரியம்மாவின் முதுகைவிட்டுத் தன் நிழல் விலகிவிடக் கூடாதே என்று.