நூற்றாறுக்குக் கீழே

தொண்ணூற்றிரண்டு.

ஜாபிர் வாட்ச்சைக் கழற்றி, கண்ணாடியைச் சட்டையில் துடைத்து, மறுபடி இறுக்கிக் கட்டினான். இன்னொரு சுற்று ஓடினான்.

அரீக்கோட்டுப் பந்து மைதானத்தில் அது ஆறாவது சுற்று. மூச்சு வாங்கியது. கெண்டைக்கால் கல்லாகக் கனத்தது.

தொண்ணூற்றிரண்டு.

நூற்றாறு வேண்டும். நூற்றிருபத்துமூன்றைத் தாண்டக் கூடாது. இருநூற்றிருபதில் வயதைக் கழித்து, மிச்சத்தில் அறுபது முதல் எழுபது சதவீதம். அவனுக்கு வயது நாற்பத்துநான்கு. நாடி அந்த இரண்டு எண்களுக்கு நடுவே நாற்பது நிமிடம் நின்றால் கொழுப்பு கரையும் என்று கணக்குப் போட்டுத் தந்தவர் மொய்துக்கா. பட்டாளத்தில் இருபது வருடம் மருத்துவ உதவியாளராக இருந்தவர். விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் ஊர் ஆண்களை வரிசையாக நிறுத்திக் கை காலை வீச வைப்பவர்.

மற்றவர்கள் தொப்பைக்காக வந்தார்கள். ஜாபிர் ஈரலுக்காக வந்தான்.

அவன் அக்கா ரம்லா இத்தாவின் ஈரல் சுருங்கிவிட்டது. தம்பியின் ஈரலில் பாதியை வெட்டி வைக்கலாம், பொருந்துகிறது. ஆனால் அதில் கொழுப்பு படிந்திருந்தது. எட்டு கிலோ குறைத்துக்கொண்டு வா என்றது ஆஸ்பத்திரி. நான்கு குறைந்துவிட்டது. மிச்சம் நான்கிற்கு ஒரு மாதம் இருந்தது. அதற்குமேல் இத்தாவிடம் நாள் இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் வரை இரண்டாவது சுற்றிலேயே நூற்றுப்பத்தைத் தொட்டுக்கொண்டிருந்தான். பெருநாள் முடிந்த இந்த மூன்று வாரமாக எண் ஏறவில்லை.

நெஞ்சு பலப்பட்டுவிட்டது என்றார்கள். அவனும் நம்பினான். வீட்டில்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டான்.

எடை மட்டும் இறங்கவில்லை. நேற்று முன்னூறு கிராம் கூடியிருந்தது.

“டேய் ஜாபிரே, அந்த வாட்ச்சை என் வீட்டுப் பசுமாட்டுக்குக் கட்டுடா. படுத்த படுக்கையில நூறைக் காட்டும்!”

வரிசையில் நின்ற குஞ்ஞாப்பு கத்தினான். வரிசை முழுவதும் சிரித்தது.

மொய்துக்கா சிரிக்கவில்லை. வந்து ஜாபிரின் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு நிமிடம் முழுதாக எண்ணினார். பிறகு இன்னொரு கையையும் பிடித்து எண்ணினார்.

“வாட்ச் பொய் சொல்லல. கை ஏன்டா இப்படிச் சில்லுன்னு இருக்கு? என்ன மாத்திரை திங்கிற?”

“வைட்டமின்தான் இக்கா. ஈரல் கொடுக்கப்போறவனுக்குன்னு ஆஸ்பத்திரியில கொடுத்தது. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.”

“வைட்டமின் நாடியக் கட்டிப்போடாதுடா. எத்தனை பேர் கையப் பிடிச்சிருக்கேன். இது நெஞ்சுத் துடிப்பை அடக்குற மாத்திரை தின்னவன் நாடி. யாரு கொடுத்தா உனக்கு அத?”

யாரும் கொடுக்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

துடிப்பை அடக்கும் மாத்திரை வீட்டில் இருந்தது. இத்தாவுடையது. இரைப்பைக்கு மேலே குழாய்கள் ரத்தம் தேங்கிப் புடைத்திருக்கின்றன, வெடிக்காமல் பிடித்து வைத்திருப்பது இந்த மாத்திரைதான், ஒரு வேளைகூட விடக் கூடாது என்று டாக்டர் இவனிடம்தான் சொன்னார். இத்தா முதல்முறை ரத்தம் கக்கியபோது வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் இவன்தான்.



பெருநாளுக்கு முந்தின மாலை. மறுநாள் இத்தாவின் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வருவதாக இருந்தது. உம்மாவுக்கு ஈரல் போய்விட்டது என்று தெரிந்தால் பேச்சு முறியும். வரும் பெண்கள் படுக்கையறைவரை போவார்கள். தலைமாட்டில் கிடக்கும் மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரைப் படிப்பார்கள். ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு நர்ஸ் இருக்கிறாள்.

ஜாபிர் அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு பேரின் மாத்திரைகளையும் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கினான். துபாயிலிருந்து வந்த மிட்டாய் டப்பாக்கள் இரண்டு காலியாக இருந்தன. ஒன்றில் இத்தாவுடையது, இன்னொன்றில் தன்னுடையது. இரண்டும் வெள்ளை. சட்டைப் பித்தான் அளவு. நடுவில் ஒரு கோடு. நாற்பத்தைந்து நாளுக்கு வாங்கி வைத்திருந்தது. இனி யாரும் எதையும் படிக்க முடியாது என்று அட்டைகளை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தான்.

எது யாருடைய டப்பா என்று வீட்டாருக்குச் சொன்னதும் அவன்தான்.

பெண்கள் வந்தார்கள். நெய்ச்சோறு சாப்பிட்டார்கள். நிக்காஹ் உறுதியானது.

மூன்று வாரம்.

“என்னடா, முகம் இப்படி வெளுக்குது? உட்காரு, உட்காரு” என்றார் மொய்துக்கா.

உட்காரவில்லை. போனை எடுத்தான். விரல் இரண்டு தடவை வேறு பெயரில் பட்டது. பின்னால் வரிசை கை தட்டி எண்ணத் தொடங்கியிருந்தது.

நான்காவது மணியில் இத்தாவே எடுத்தாள்.

“பயப்படாதடா குஞ்ஞே, மறக்கல. நீ வச்சிட்டுப் போனத இப்பதான் முழுங்கினேன். ஒரு வேளைகூட விடலடா நான்.”