கீழுதடு

"மூஞ்சித் துணியக் கழட்டுக்கா. மூஞ்சி தெரியாத ஆளோட எப்படி ஆடுறது?"

ஆட வந்த நாலு பேரில் ஒருவர் ஐந்தாவது குழியில் ஆரம்பித்தார். அவருக்கு அறுபது இருக்கும். எனக்கு நாற்பத்தொன்று.

கோல்ஃப் மைதானத்துக்குள் வந்துவிட்டால் ஆட வருகிற கிழவன்கூட, மட்டை எடுத்துக் கொடுக்கும் எங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவான். நாங்கள் எல்லாரையும் முதலாளி என்போம். வெளியே அவர்கள் யார், என்ன வேலை என்று கேட்கக் கூடாது.

கேட்காத மாதிரி பந்தைத் துடைத்துக் கொடுத்தேன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி. அவர் மூஞ்சியும் பாதிதான் தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் லிப் பாமை எடுத்துத் தன் உதட்டில் நிதானமாகத் தடவிக்கொண்டார்.

கொரியாவின் யோஜு ஊரில் ஜூலை வெயில். துணிக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

பதினாறு வருஷம் மூடாமல்தான் வேலை பார்த்தேன். வண்டி ஓட்டி, மட்டை எடுத்துக் கொடுத்து, கோணல் அடிக்கெல்லாம் "நைஸ் ஷாட்!" என்று வாய் நிறையக் கத்தினேன். முகத்துக்கு கிரீம் அப்பிக்கொள்வோம். உதட்டுக்குச் சிவப்புச் சாயம் மட்டும். அது நிர்வாகத்தின் உத்தரவு. உதட்டையும் வெயில் தின்னும் என்று எவரும் சொல்லவில்லை.

கீழுதட்டில் வெள்ளையாய்ச் செதில். உரியும், ரத்தம் கசியும், மறுபடி செதில் கட்டும். நாலு மாதமாய் ஆறவில்லை. டாக்டர் ஒரு துணுக்கு வெட்டி, தையல் போட்டு, சோதித்தார்.

இன்னும் புற்று இல்லை. இப்படியே வெயிலில் காட்டினால் ஆகிவிடும் என்றார். இரண்டு மணிக்கொரு தரம் பாம், அதற்கு மேல் துணி, வெளியே ஒரு நிமிஷம்கூடத் திறக்காதே என்றார்.

ஒன்பதாவது குழி முடிந்து இளைப்பாறும் நிழல்வீட்டில் நாலு பேரும் மக்கோலி என்கிற அரிசிக் கள் குடிக்க உட்கார்ந்தார்கள். அதற்குள் புகார் போயிருந்தது. மேலாளர் மா சின்ன வண்டியில் பறந்து வந்து என்னை ஓரமாக இழுத்தார்.

"கழட்டு மிரான். இல்லேன்னா வண்டிச் சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. நாளைக்கும் வர வேணாம்."

"டாக்டர் கழட்டக் கூடாதுன்னிருக்காரு சார்."

"டாக்டரா வந்து உன் வண்டிய ஓட்டப் போறாரு?"

உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. பதினாறு வருஷம் உழைத்தவள் மூஞ்சியில் ஒரு முழத் துணி பொறுக்கவில்லை இவர்களுக்கு.

மேசைப் பக்கம் திரும்பினேன். துணியைக் கழட்டச் சொன்னவர் தன் தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றி வைத்திருந்தார். அப்போதுதான் அவரை முழுசாகப் பார்த்தேன்.

சாவியை மேலாளர் மாவின் கையில் வைத்தேன். நேராக மேசைக்குப் போய், துணியைக் கீழே இழுத்து, அவர் மூஞ்சிக்கு முன்னால் குனிந்தேன்.

"நல்லாப் பாருங்க டாக்டர். போன வாரம் நீங்க போட்ட தையல்தான்."